குரலை வைத்துக்கொண்டேன்

என் கணவருக்குப் பாகற்காய் சூப் பிடிக்காது என்பது கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அதையும் அவர் சொல்லவில்லை. அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த எங்கள் மகள் சியூ-பின்தான் சொன்னாள். "கோடை பூரா இதையே ஊத்துறியேம்மா, அப்பாவுக்குக் கசப்பே ஆகாது, தெரியாதா உனக்கு?" என்றாள். திரும்பிப் பார்த்தேன். அவர் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

உங்கள் புத்தகத்தில் இதையும் எழுதுங்கள். பொம்மலாட்ட மேடைக்குப் பின்னால் உட்கார்ந்தால் கிழவன், குமரி, அரசன், பேய், கைக்குழந்தை என்று ஒரே வாயால் ஊரையே பேசவைத்த லியாவ் சுன்-ஹோக், வீட்டில் சூப் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதவர்.

நீங்கள் எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். கலையரங்கத்துக்கு அவர் பெயரை வைக்கிற விழாவுக்கு வரமாட்டேன் என்று சியூ-பின் சொல்லிவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "அம்மாவைக் கேளுங்க" என்றாளாம். கேளுங்கள். நான் எதையும் ஒளித்துவைக்கவில்லை. இருபது வருஷமாக யாரும் முகத்துக்கு நேரே கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பதிவுக் கருவியை வெறும் மேசைமேல் வைக்காதீர்கள். நான் கிண்ணத்தை நகர்த்துகிற சத்தமெல்லாம் அதில் விழும். அடியில் ஒரு துண்டை மடித்துப் போடுங்கள். ம், இப்போது சரி.

என் பெயர் போங்-சி. சும்மா வளர்த்துவைப்போம் என்று பொருள். வரிசையாகப் பெண்ணாகவே பிறந்த வீட்டில் கடைசிப் பெண்ணுக்கு வைக்கிற பெயர். இதே ஹூவெயில், விமானத்தளத்தை ஒட்டிய ராணுவக் குடியிருப்பில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். அங்கே இருந்தவர்கள் கடல் தாண்டிச் சீனாவிலிருந்து வந்த சிப்பாய்களின் மனைவிகள். அவர்களுக்கு நம் தைவான் பேச்சு ஒரு சொல்கூடத் தெரியாது. அவர்கள் திட்டுவது புரிய வேண்டும் என்பதற்காகவே நான் மாண்டரின் கற்றுக்கொண்டேன். திட்டு முதலில் புரிந்தது, பிறகு மற்றதெல்லாம் புரிந்தது. எங்கள் தெருவில் அன்றைக்கு மாண்டரின் பேசத் தெரிந்த பெண் நான் ஒருத்திதான்.

அவர் குரலை முதலில் கேட்டது கடல்தெய்வம் மாசு அம்மன் கோயில் வாசலில். பொம்மைகள் எனக்குத் தெரியவில்லை, முன்னால் அவ்வளவு கூட்டம். அங்கே இருந்த ஒரு சோயாச் சாற்றுச் சாடியில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கதையில் சுய்-லியன் என்று ஒரு படகுக்காரி. ஒருவன் ஆற்றைக் கடந்து இறங்கி, கூலி தராமல் சிரித்துக்கொண்டே போகிறான். அவள் திட்டவில்லை. "திரும்பி வரும்போதும் ஆறு இங்கேதான் இருக்கும்" என்று மட்டும் சொன்னாள். அந்தக் குரலில் கோபம் இருந்தது, களைப்பு இருந்தது, எதற்கும் தலை குனியாத ஒன்றும் இருந்தது. நாள் முழுக்க அடுத்தவர் உள்பாவாடையைக் கசக்கிப் பிழிந்துவிட்டு வந்து நிற்கிற என்னை நன்றாகத் தெரிந்த யாரோ ஒருத்தி அந்தத் திரைக்குப் பின்னால் இருக்கிறாள் என்று நினைத்தேன்.

ஆட்டம் முடிந்ததும் அவளைப் பார்க்கப் பின்பக்கம் போனேன். பாக்குக் கறை படிந்த பல்லோடு ஒல்லியாக ஒரு ஆள் பொம்மைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அந்த அக்கா எங்க?" என்று கேட்டேன்.

அவர் பெட்டியை மூடினார். பக்கத்தில் இருந்த ஆ-தோதான் விழுந்து விழுந்து சிரித்தான். அவருக்கு இரண்டாம் கையாகப் பொம்மை ஆட்டுகிறவன். "அக்காவா? இவர்தான் அந்த அக்கா. வேணும்னா கட்டிக்கோயேன்" என்றான்.

அந்தக் குளிர்காலத்திலேயே கட்டிக்கொண்டேன். பொம்மலாட்டக்காரனுக்கு வாழ்க்கைப்படுகிறாளே என்று ஊரில் பேசினார்கள். நான் வாழ்க்கைப்பட்டது சுய்-லியனுக்கு.

அவரைப் பற்றிக் குறை சொல்கிறேன் என்று எழுதிவிடாதீர்கள். அடிக்கமாட்டார், சூதாடமாட்டார், பெண்கள் பின்னால் போகமாட்டார். பேசமாட்டார், அவ்வளவுதான். சோறு, போகலாம், மழை வரும். ஒரு நாளுக்கு இந்த மூன்றும் போதும் அவருக்கு. ஒரு மழைநாளில் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "ஒரே ஒரு தடவை சுய்-லியன் மாதிரி என்கிட்டப் பேசுங்களேன்."

"வீட்டுக்குள்ளயும் கடை விரிக்கச் சொல்றியா?" என்று சிரித்துவிட்டு வாத்துக்குத் தீனி போடப் போய்விட்டார்.

அதன்பிறகு நான் கேட்கவில்லை.

ஆனால் வெளியே அவருடைய வாய் நான்தான். அந்தக் காலத்தில் எந்தக் கதை ஆடினாலும் அரசு அலுவலகத்தில் சொல்லி அனுமதி வாங்க வேண்டும். அதிகாரிகள் மாண்டரின் மட்டும்தான் பேசுவார்கள். ஜப்பான்காரன் காலத்துப் பள்ளியில் படித்தவர் இவர், மாண்டரின் ஒரு எழுத்துகூடத் தெரியாது. என் பக்கத்தில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். "என்ன சொல்றார்?" என்பார். "சாமி சண்டை போதுமாம், நாட்டுப்பற்றா ஏதாவது போடணுமாம்" என்பேன். "நம்ம வீரன் வெண்புருவன் வாளெடுத்தா அது நாட்டுப்பற்றுதான்னு சொல்லு" என்பார். அதை அப்படியே சொல்வேன். அத்தனை வருஷத்தில் ஒரு சொல்லைக்கூட நான் மாற்றியதில்லை. அதனால்தான் நான் எது சொன்னாலும் அவர் நம்பினார். ஒரு மனிதன் இருபத்தைந்து வருஷம் இன்னொருவர் காதை வைத்துக்கொண்டு கேட்டால், அது தன் காது என்றே நினைத்துவிடுவான்.

பிறகு டேப் வந்தது. கோயில் வாசலில் ஆடுகிற குழுக்கள் குரலுக்குத் தனியாக ஆள் வைக்க முடியாமல், நல்ல வாத்தியார்களின் குரலைப் பதிவு செய்து ஓடவிட்டு அதற்குப் பொம்மை ஆட்ட ஆரம்பித்தார்கள். நாங்களும் ஒரு சுருள் டேப் இயந்திரம் வாங்கினோம். அதை ஓட்டக் கற்றுக்கொண்டது நான். கடலை எண்ணெய் ஆட்டுகிற இடத்துக்குப் பின்னால் ஒரு பழைய கிடங்கு. சுவரெல்லாம் மெத்தையைத் தொங்கவிட்டேன். பிற்பகலில் ஊர் தூங்கும்போது கதவைச் சாத்திக்கொள்வோம். மின்விசிறி போட முடியாது, சத்தம் விழும். சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகிற ரயில் வந்தால் கையைத் தூக்குவேன், நிறுத்துவார். போனதும் கையை இறக்குவேன்.

அவர் சட்டையில்லாமல் கழுத்தில் துண்டோடு வியர்வை ஒழுக உட்கார்ந்திருப்பார். என் காதில் ஹெட்போன். எச்சில் விழுங்குவது, மூச்சை இழுப்பது, சுய்-லியனாக மாறுவதற்கு முன் உதட்டை லேசாக ஒட்டிப் பிரிப்பது, எல்லாம் கேட்கும். உலகத்தில் வேறு யாருக்கும் அந்தக் குரல் அவ்வளவு அருகில் கேட்டதில்லை. என் இல்லற வாழ்க்கை எது என்று கேட்டால், அந்தக் கிடங்கைத்தான் காட்டுவேன்.

ஓர் இலையுதிர் காலத்தில் அவர் தொண்டை கட்டியது. முதலில் அரசன் குரலில் விரிசல் விழுந்தது. கேட்டவர்கள் அதையும் ரசித்தார்கள். பிறகு சாப்பாடு விழுங்கும்போது முகம் சுளித்தார். தைசோங் பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். அதை மறக்காமல் எழுதுங்கள். அங்கே ஃபாங் என்று ஒரு டாக்டர், சீனாவிலிருந்து வந்த குடும்பம். தொண்டைக்குள் கண்ணாடி விட்டுப் பார்த்து, சதையைக் கொஞ்சம் கிள்ளி எடுத்து, அடுத்த வாரம் வரச் சொன்னார். போனோம்.

இப்போது சொல்வதை நிதானமாகக் கேளுங்கள். இதற்காகத்தான் வந்திருக்கிறீர்கள்.

நாங்கள் இருவரும் அவருக்கு எதிரே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். டாக்டர் மாண்டரினில் சொன்னார். "குரல்வளையில புற்றுநோய். வளர்ந்திருக்கு, ஆனா இன்னும் பரவலை. குரல்வளையை முழுசா எடுத்துட்டா பிழைச்சுக்குவார். பத்து வருஷம், அதுக்கு மேலயும் இருக்கலாம். பேச்சு மட்டும் இருக்காது. கழுத்துல ஒரு துளை வைப்போம், அது வழியா மூச்சு விடுவார்."

என் கணவர் டாக்டரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "என்ன சொல்றார்?"

"தொண்டையில காய்ப்புக் காய்ச்சிருக்காம்" என்றேன். "வேலை செய்ற கையில காய்க்குமே, அந்த மாதிரி. பாடறவங்களுக்கெல்லாம் வர்றதுதானாம்."

"கத்தி வைக்கணுமா?"

"வேணாமாம். மருந்து குடுக்கறாராம்."

அவர் முகம் தெளிந்தது. டாக்டரைப் பார்த்துத் தலையை ஆட்டிப் புன்னகைத்தார். டாக்டருக்கு ஆச்சரியம். "ரொம்பத் தைரியமான மனுஷன். இவ்வளவு அமைதியா யாரும் இதைக் கேட்டு நான் பார்த்ததில்லை" என்றார்.

"இப்ப என்ன சொல்றார்?"

"உங்க நாடகத்தை ரேடியோவில கேட்டிருக்காராம்."

"அவருக்கு நம்ம பேச்சு தெரியாதே?"

"அவங்க வீட்டுல சமைக்கிற அம்மா எப்பவும் போட்டுக் கேட்பாங்களாம். சிரிப்பு மட்டும் புரியும்ங்கிறார்."

அவர் எழுந்து நின்று டாக்டருக்குக் குனிந்து வணக்கம் வைத்தார். டாக்டரும் கண் கலங்கி எழுந்து நின்றுவிட்டார். "எப்ப ஆபரேஷன் வெச்சுக்கலாம்னு கேளுங்க" என்றார் என்னிடம். நான் என் கணவரிடம், வீட்டில் வேலை எப்படிப் போகிறது என்று டாக்டர் விசாரிப்பதாகச் சொன்னேன். அவர் திருவிழாக்கள் வரிசையாக இருப்பதைச் சொன்னார். நான் டாக்டரிடம் திரும்பி, "இப்ப வேண்டாம்ங்கிறார். குரலை விட மனசு வரலையாம்" என்றேன்.

அன்றைக்கு ஒரே வாயால் இரண்டு பேருக்கும் நான் பேசினேன். இரண்டு பேரும் நம்பினார்கள். வாழ்நாள் முழுக்க அவர் செய்த வேலை எவ்வளவு கடினம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவரிடமே கேட்டிருக்கலாமே என்று சொல்வீர்கள். சியூ-பின்னும் அதைத்தான் சொன்னாள். கேட்டிருந்தால் பயந்திருப்பார். சாவைக் கண்டு பயப்படுகிற மனிதன் எதை வேண்டுமானாலும் கழற்றிக் கொடுத்துவிடுவான். பிறகு கழுத்தில் துளையோடு வாத்துக் கூண்டுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார், நான் பாகற்காய் இல்லாத சூப்பைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அது லியாவ் சுன்-ஹோக்கா? பயமில்லாமல் இருந்தால் அவர் என்ன முடிவு எடுத்திருப்பாரோ, அதை நான் அவருக்காக எடுத்தேன். இதில் தப்பு எங்கே என்று காட்டுங்கள்.

அதன்பிறகு தினமும் பதிவு. "மருந்து வேலை செய்யுது, தொண்டை நல்லா இருக்கும்போதே எல்லாக் கதையையும் எடுத்துடலாம்" என்றேன். அவரும் உற்சாகமாகத்தான் உட்கார்ந்தார். நான் கொடுத்தது மருந்துக்கடையில் வாங்கிய வலி மாத்திரையும் அதிமதுரப் பொடியும். வெண்புருவன் வரிசை முழுவதையும், ஒற்றைப்பல் கோமாளியையும், பேய் வழக்குகளையும் எடுத்தோம். டாக்டர் பாக்குப் போடவே கூடாது என்று சொல்லியிருந்தார். நான் வாங்கி வாங்கிக் கொடுத்தேன். பாக்குப் போடுகிறவன் துப்பினால் சிவப்பாகத்தான் இருக்கும். அதற்குள் வேறு சிவப்பு கலந்திருந்தால் அவர் கவனிக்கமாட்டார், பயமும் வராது. அவர் மனசு குலையாமல் பார்த்துக்கொண்டேன் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆ-தோ கவனித்துவிட்டான். அவனும் பாக்குப் போடுகிறவன்.

"வாத்தியாரம்மா, இது பாக்குச் சாறு இல்ல."

"பாக்குச் சாறுதான்."

"எனக்குத் தெரியாதா? நானும் முப்பது வருஷமாத் துப்பறேன்."

"வாத்தியார் வாயை மூடிட்டா நாளைக்கு உன் கை எந்தக் குரலுக்கு ஆடும்? சொல்லு பார்ப்போம்" என்றேன்.

அவன் ஊசியை எடுத்தான். குனிந்துகொண்டு ஒரு பொம்மையின் சட்டைப் பொத்தானைத் தைக்க ஆரம்பித்தான். பிற்பாடு ஊரெல்லாம் அழுதுகொண்டு சொன்னான், எனக்கு அப்பவே தெரியும் என்று. தெரிந்து என்ன செய்தான்? பொத்தான் தைத்தான். நானாவது ஏதோ செய்தேன்.

புத்தாண்டுக்கு சியூ-பின் தன் புகுந்த ஊரான கவ்சியோங்கிலிருந்து வந்தாள். முதல் பிள்ளை வயிற்றில். சாப்பாட்டு மேசையில் அப்பா பேசியதைக் கேட்டதும் சாப்பிடுகிற குச்சியைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்னப்பா குரல் இப்படி ஆயிடுச்சு?"

"காய்ப்பும்மா, காய்ப்பு" என்றார் அவர் பெருமையாக. "தைசோங் டாக்டர் சொன்னார். அவர் வீட்டுல நம்ம நாடகம்தான் ஓடுமாம், தெரியுமா?"

"எங்க ஊரு டாக்டர்கிட்ட ஒருதரம் காட்டிடலாம்ப்பா. நாளைக்கே என்கூட வாங்க."

"உங்க அப்பா வேலையைப் பாதியில விட்டுட்டு எங்கயும் வரமாட்டார்" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. "நீங்க சொல்லுங்கப்பா" என்றாள்.

"சுய்-லியன் பாக்கி இருக்குடி. அதை முடிச்சுட்டு வர்றேன்" என்றார். பிறகு, அவருக்குப் பழக்கமே இல்லாத மாதிரி, இன்னும் ஒரு வாக்கியம் பேசினார். "உன் பிள்ளைக்குக் கோமாளிக் குரல்ல கதை சொல்லணும். அதுக்குள்ள தொண்டை சரியாயிடும்."

பார்த்தீர்களா, முடித்துவிட்டுத்தான் வருவேன் என்று அவரே சொன்னார். நான் அவர் வாயில் அந்த வார்த்தையைப் போடவில்லை. அவளுக்கு இது வசதியாக மறந்துவிடுகிறது.

வசந்த காலத்தில் மாத்திரை போதாமல் போயிற்று. இன்னும் வலுவானதை வாங்க நான் மட்டும் தைசோங் போனேன். டாக்டர் ஃபாங் என்னைப் பார்த்ததும் எழுந்தேவிட்டார்.

"அவர் எங்கம்மா?"

"வரமாட்டேங்கிறார்."

"கால்ல விழுந்தாவது கூட்டிட்டு வாங்க. இன்னும் காலம் கடந்துடலை. இந்த மாசத்துக்குள்ள வந்தா நான் காப்பாத்திடுவேன். அதுக்கப்புறம் என்னால வாக்குக் குடுக்க முடியாது."

மாத்திரையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். பஸ் நிலையத்தில் ஒரு கிண்ணம் அரிசிச் சேமியா சாப்பிட்டேன். சூடாக, நன்றாக இருந்தது. சாப்பிட்டுக்கொண்டே யோசித்தேன். மற்ற கதைகள் எல்லாம் டேப்பில் வந்துவிட்டன. மீதி இருந்தது சுய்-லியனின் கடைசிப் பகுதி மட்டும்தான். அதை அவர் அதிகம் ஆடியதில்லை. கிழவியாகிவிட்ட படகுக்காரியைப் பார்க்க யார் உட்கார்ந்திருப்பார்கள்? எந்தக் கோயிலும் அதைக் கேட்காது, எந்தக் குழுவும் அதை வாங்காது. எனக்குத் தெரியும். காசுக்காகச் செய்தேன் என்று ஊரில் சிலர் பேசுகிறார்கள் அல்லவா, அவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் வாசலில் நின்றிருந்தார். "டாக்டர் என்ன சொன்னார்?"

"நல்லா ஆயிட்டு வருதாம்" என்றேன்.

கோடை தொடங்குகிறபோது அந்தக் கடைசிப் பகுதியைப் பதிவு செய்தோம். அதற்குள் அரசன் போய்விட்டான், வெண்புருவன் போய்விட்டான். அந்தக் குரல்களை எழுப்பினால் இருமல் வந்துவிடும். ஆச்சரியம் என்னவென்றால் சுய்-லியன் மட்டும் போகவில்லை. தேய்ந்து, நடுவில் நடுவில் காற்று மட்டும் வந்து, ஆற்றோரத்தில் கிழமாகிப்போன ஒருத்தியின் குரல் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. தொண்டை நன்றாக இருந்தவரை அவரால் அப்படிப் பேசியிருக்கவே முடியாது. நான் மைக்கை அவர் உதட்டுக்கு ஒட்டினாற்போல் வைத்தேன். ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டுதான் பேசினார். இடையில் இரண்டு மாத்திரை கொடுத்தேன். விழுங்க வெகுநேரம் ஆயிற்று. காத்திருந்தேன்.

கடைசியில் அவள் துடுப்பைக் கீழே வைத்துவிட்டுச் சொல்வாள். "கரையில் நிற்கிறவர்களுக்கு ஆறு ஓடுகிறது. படகில் இருக்கிறவளுக்குக் கரைதான் ஓடுகிறது."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் டேப்பை நிறுத்தவில்லை. அவருடைய மூச்சையும் கொஞ்ச நேரம் பதிவு செய்தேன். அந்தக் கிடங்கில் அன்று நான் அழுதேன். சந்தோஷத்தில். அந்த மாதிரி ஒன்றை ஒருவர் நம் காதுக்குள் வந்து பேசினால் நீங்களும் அழுவீர்கள்.

இரண்டொரு நாளில் அவர் குரல் முழுதாகப் போய்விட்டது. மூச்சும் திணறியது. சியூ-பின் நிறைவயிற்றோடு ஓடிவந்தாள். மூவரும் தைசோங் போனோம். இந்தத் தடவை டாக்டர் பேசுவதைச் சொல்ல நான் தேவைப்படவில்லை. அவள் மாண்டரின் பள்ளிக்கூடத்தில் படித்தவள்.

டாக்டர் பரிசோதித்துவிட்டு வந்து என் கணவரைப் பார்த்துக் கத்தினார். ஆமாம், கத்தினார். "போன வருஷமே சொன்னேனே. எடுத்துட்டாப் பிழைச்சுக்குவீங்கன்னு சொன்னேனே. குரலை விட மனசு வரலைன்னு நீங்கதானே வேணாம்னீங்க?"

சியூ-பின் என் பக்கம் திரும்பினாள். "அப்பா எப்பம்மா வேணாம்னு சொன்னார்?"

அவள் டாக்டரிடம் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாள். பிறகு அப்பாவுக்கு முன்னால் மண்டியிட்டு, அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, டாக்டர் அன்றைக்குச் சொன்னதையெல்லாம் நம் பேச்சில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். பத்து வருஷம் என்பதையும் சொன்னாள். சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொன்னாள்.

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். பதிவு முடிந்ததும், நன்றாக விழுந்திருக்கிறதா என்று கேட்கிற மாதிரி ஒரு பார்வை பார்ப்பார். அதே பார்வைதான். நான் நன்றாக வந்திருக்கிறது என்று தலையை ஆட்டினேன்.

அன்றிலிருந்து சியூ-பின் என்னோடு பேசுவதில்லை. பிள்ளை பிறந்ததும் அப்பாவிடம் காட்டக் கொண்டுவந்தாள். நான் அடுப்படியில் இருந்துகொண்டேன். அவர் கோமாளிப் பொம்மையைக் கையில் மாட்டிக் குழந்தைக்கு முன்னால் ஆட்டினார். கோமாளி குனிந்தது, குட்டிக்கரணம் போட்டது, வாயைத் திறந்து திறந்து மூடியது. சத்தமில்லாமல் ஆடுகிற பொம்மை குழந்தைக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது, வீறிட்டு அழுதது. அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

சரி. இப்போது நான் உங்களை ஒன்று கேட்கிறேன். இந்த மாவட்டத்தில் எந்தக் கோயில் திருவிழாவுக்கு வேண்டுமானாலும் போங்கள். யார் குரல் கேட்கிறது? யாரோ ஒரு பையன் பொம்மையை ஆட்டுவான், பேசுகிறவர் என் கணவர். டாக்டர் கொடுத்த பத்து வருஷத்தை வாங்கியிருந்தால் அதுவும் எப்போதோ தீர்ந்திருக்கும். நான் கொடுத்தது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் அரங்கத்தைத் திறக்கிற அன்று எந்தப் பதிவைப் போடப்போகிறீர்கள்? அந்த ஒரு வருஷத்தில் எடுத்ததைத்தானே. என்னைக் கொலைகாரி என்று எழுதுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். எழுதிவிட்டு அந்த டேப்பையெல்லாம் ஆற்றில் போட்டுவிடுங்கள். போடுவீர்களா? மாட்டீர்கள். பிறகு என்னிடம் என்ன கேள்வி?

அவருக்கு என்மேல் வருத்தம் இல்லை. இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். கடைசி வாரம் அவரை முன்னறைக்குக் கொண்டுவந்து படுக்கவைத்தோம். நான் இயந்திரத்தை அவர் தலைமாட்டில் வைத்து, சுய்-லியனின் கடைசிப் பகுதியை ஓடவிட்டேன். தன் குரலையே தான் கேட்டபோது அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. கையைத் தூக்கினார். ஐந்து விரலும் விரிந்து, இப்படியும் அப்படியும் ஆடியது. பிறகு இயந்திரத்தின் பக்கம் நீண்டது, எட்டவில்லை.

வாசலில் நின்ற ஆ-தோ, "நிறுத்துங்க வாத்தியாரம்மா, நிறுத்தச் சொல்றார். உங்களைக் கும்பிடறேன்" என்றான்.

இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக அவர் சொல்வதை ஊருக்கு எடுத்துச் சொன்னது நான். அவர் கை என்ன சொல்கிறது என்று எனக்கு இன்னொருவன் சொல்ல வேண்டுமா?

"இல்லை, சத்தம் போதலைங்கிறார்" என்றேன். கூட்டி வைத்தேன்.